கடற்கரை விடுமுறையில் போர் விமானங்கள்: வாசகர் கேள்வி–பதில்

இம்முறை பயணப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை லங்காவியையும் அங்கே நடக்கும் லீமா கண்காட்சியையும் சுற்றியே அமைந்திருந்தன. ஆகவே மற்ற ஊர்களைப் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, கடற்கரை விடுமுறையோடு போர் விமானங்களையும் பார்த்துவர விரும்புவோருக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: வணக்கம் அம்மா. கணவர், நான், பன்னிரண்டு வயது மகன், நான்கு வயது மகள், மாமியார் என நாங்கள் ஐந்து பேர். மகனுக்குப் போர் விமானம் என்றால் உயிர். அடுத்த லீமா நடக்கும்போது லங்காவியில் கடற்கரையோரமாகச் சில நாள் தங்கிவிட்டு வரலாம் என்கிறார் கணவர். கூட்டத்திலும் வெயிலிலும் மாமியாரையும் சின்னவளையும் வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பது என்று எனக்குத் தயக்கமாக இருக்கிறது. இரண்டையும் ஒரே பயணத்தில் வைத்துக்கொள்ளலாமா?
— பிறை வாசகி

பதில்: தாராளமாக வைத்துக்கொள்ளலாம், சகோதரி. ஆனால் இது கடற்கரைப் பயணம், நடுவே ஒரு நாள் விமானம் பார்க்கப் போகிறோம் என்ற எண்ணத்தோடு கிளம்புங்கள். லீமாவுக்குப் போகிறோம், நேரம் கிடைத்தால் கடலில் குளித்துக்கொள்ளலாம் என்று கிளம்பும் குடும்பங்கள்தாம் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீடு திரும்புகின்றன.

1991இல் தொடங்கிய லீமா, ஒற்றைப்படை ஆண்டுகளில் நடைபெறும் கடல்சார், வான்வெளிக் கண்காட்சியாகும். கோவிட் காரணமாக 2021இல் அது நடைபெறவில்லை. 2023, 2025 ஆகிய இரு முறையும் மே மாதத்தில், செவ்வாய் முதல் சனி வரை நடந்தது. அடிப்படையில் அது ஆயுத வணிகர்களின் சந்தை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தென்கொரியாவிடமிருந்து 18 எஃப்ஏ-50 விமானங்களை வாங்கும் ஒப்பந்தத்தில் மலேசியா கையெழுத்திட்டது 2023 லீமாவில்தான். ஆகையால் முதல் சில நாள்கள் சீருடைக்காரர்களுக்கும் கோட்டு அணிந்தவர்களுக்கும் உரியவை. பொதுமக்களுக்கு வாய்ப்புக் கிடைப்பது கடைசிப் பகுதியில்தான். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதால் உள்ளூர்க் கூட்டம் அவ்விரண்டு நாளும் திரண்டு வரும். பினாங்குப் பள்ளிகளுக்கோ வெள்ளி வேலை நாள். மகன் ஒரு நாள் பள்ளிக்கு மட்டம் போடுவதில் உங்களுக்கு ஆட்சேபம் இல்லையென்றால் வெள்ளிக்கிழமை காலையிலேயே போய்விடுங்கள். அன்று மதியத்தில் ஆண்கள் தொழுகைக்குச் செல்வதால் நிகழ்ச்சி நிரலில் இடைவெளி இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

தங்குவதற்குப் பந்தாய் செனாங் அல்லது அதற்கு அடுத்துள்ள பந்தாய் தெஙா சரியாக இருக்கும். கண்காட்சி நடக்கும் மசூரி அனைத்துலகக் கண்காட்சி மையம் பாடாங் மாட்சிராட்டில், விமான நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. செனாங்கிலிருந்து அது அருகில்தான். ஓடுபாதையின் ஒரு முனை கடலைத் தொட்டுக்கொண்டிருப்பதால், வானில் நடக்கும் வேடிக்கையின் ஒரு பகுதி கடற்கரையில் இருப்பவர்களுக்கும் கிடைக்கும். கண்காட்சி தொடங்கும் முன்னரே பயிற்சிப் பறத்தல்கள் நடைபெறும். ஆகவே உங்கள் மாமியாரும் சின்னவளும் மைதானத்துக்கு வரவே வேண்டியதில்லை. அவர்கள் மரநிழலில் இளநீர் குடித்துக்கொண்டு இருக்கட்டும். அப்பாவும் மகனும் காலையில் கதவு திறக்கும் நேரத்துக்குப் போய்விட்டு மதிய உணவுக்குத் திரும்பட்டும். குடும்பம் என்றால் எல்லாரும் எல்லா இடத்துக்கும் ஒன்றாகவே போக வேண்டும் என்று நம்மவர்கள் பிடிவாதம் பிடிப்பதால்தான் பாதி விடுமுறைகள் கெடுகின்றன.

மைதானத்தில் நிறுத்தி வைத்திருக்கும் விமானங்களுக்கு நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். மகனுக்கு உண்மையான விருந்து அங்கேதான் இருக்கிறது. மலேசிய ஆகாயப் படையின் ஹோர்னெட் போர் விமானம் ஒன்றின் பக்கத்தில் நின்று பார்த்தால், வால் துடுப்புகள் இரண்டும் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருப்பதும், சக்கரங்களும் அவற்றைத் தாங்கும் கால்களும் கப்பல் தளத்தில் இறங்குவதற்கென்று தடிமனாக அமைக்கப்பட்டிருப்பதும் தெரியும். சுகோய் எஸ்யு-30எம்கேஎம் அதைவிடப் பெரியது. ஹோர்னெட்டின் நீளம் ஏறத்தாழ 17 மீட்டர், சுகோயின் நீளம் ஏறத்தாழ 22 மீட்டர். சுகோயின் வால்கள் செங்குத்தாக நிற்கும். விமானி அறைக்குப் பின்னால், பெரிய இறக்கைக்கு முன்னால், சிறிய இறக்கை ஒன்று இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். ஒற்றை வாலும் ஒற்றை எஞ்சினும் கொண்ட சிறிய விமானமாக இருந்தால் அது ஹோக். நிறுத்திய விமானங்களில் காற்றுத் துளைகளையும் உணர்கருவிகளையும் மூடி, சிவப்புப் பட்டைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். பறக்கும் முன் கழற்ற வேண்டும் என்று அவற்றில் எழுதியிருக்கும். அவற்றை ஒன்று விடாமல் கழற்றி எண்ணிப் பார்ப்பது தரைப் பணியாளர்களின் வேலை. இப்படி ஒரு விஷயத்தைச் சொல்லி வைத்தால் பன்னிரண்டு வயதுப் பையன் அரை மணி நேரம் அங்கேயே நிற்பான்.

போக்குவரத்தைப் பொறுத்தவரை, பினாங்கிலிருந்து விமானத்தில் போனால் முக்கால் மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். மாமியாருக்கு அதுவே நல்லது. ஆனால் சாகசப் பறத்தல் நடக்கும் நேரங்களில் அதே ஓடுபாதை பயணிகள் விமானங்களுக்கு மூடப்படும் என்பதால், டிக்கெட் எடுத்த பிறகும் புறப்படும் நேரம் மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். ஃபெர்ரி என்றால் கோலக் கெடாவிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம், கோலப் பெர்லிஸிலிருந்து ஒன்றே கால் மணி நேரம் ஆகும். கடல் பயணத்தில் தலைசுற்றும் வழக்கமுள்ளவர்களுக்குப் பெர்லிஸ் வழியே மேல், அதற்காகக் கூடுதல் தூரம் கார் ஓட்ட வேண்டியிருந்தாலும். அறையையும் வாடகைக் காரையும் பல மாதங்களுக்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். கண்காட்சி வாரத்தில் தீவில் கார் கிடைப்பது அறை கிடைப்பதைவிட அரிது.

கேள்வி: நான்கு வயதுப் பிள்ளையையும் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போகத்தான் போகிறோம். காதில் பஞ்சு வைத்தால் போதுமா?
— சுங்கை பட்டாணி வாசகர்

பதில்: போதாது. பஞ்சு கிட்டத்தட்ட எதையுமே தடுப்பதில்லை. எஞ்சினுக்குப் பின்னால் எரிபொருளை மறுபடி கொளுத்திச் சீறிக் கிளம்பும் போர் விமானத்தின் ஓசை, அருகில் நிற்பவர்களுக்கு 120 டெசிபெலைத் தாண்டும்; காது வலிக்கத் தொடங்கும் எல்லை அது. தொழிற்சாலைகளில் எட்டு மணி நேர வேலைக்கே 85 டெசிபெல்லைத்தான் பாதுகாப்பான எல்லையாகக் கொள்கிறார்கள். பிள்ளைகளின் தலை அளவுக்கென்றே செய்த காது மூடிகளை முன்கூட்டியே வாங்கி, வீட்டிலேயே சில நாள் மாட்டிப் பழக்குங்கள். புதிதாக மாட்டினால் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். காதுக்குள் செருகும் நுரைத் துண்டுகளைச் சிறு பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், வாயில் போட்டுக்கொள்வார்கள். கைக்குழந்தையை மைதானத்துக்கு அழைத்துப் போகவே வேண்டாம் என்பது என் முடிவான கருத்து.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காங்கிரீட் தளத்தில் நிழல் கிடையாது. குடை விரித்தால் பின்னால் நிற்பவர்கள் திட்டுவார்கள். விளிம்பு அகலமான தொப்பியும் ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டியும் எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: லங்காவிக்கு ஏன் போக வேண்டும்? எங்கள் வீட்டுக் கூரைக்கு மேலேயே விமானங்கள் பறக்கின்றன. பட்டர்வொர்த் தளத்துக்குள் போய்ப் பிள்ளைகளுக்குக் காட்ட வழி உண்டா?
— மாக் மண்டின் வாசகர்

பதில்: படைத்தளம் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் இடம் இல்லை. எப்போதாவது திறந்த நாள் அறிவித்தால் அழைப்பு நாளிதழ்களில் வரும். அதுவரை வெளியே இருந்தே பார்க்க வேண்டியதுதான். தெலுக் ஆயர் தாவார் கடலோரத்தில் மாலையில் மீன் சாப்பிடப் போகும் குடும்பங்கள் தலைக்கு மேலே ஹோக் விமானத்தையோ ஹோர்னெட்டையோ பார்த்துவிட்டு வருவது புதிதல்ல. இது காசில்லாத வேடிக்கை, ஆனால் எந்நாளில் எம்மணிக்குப் பறக்கும் என்பது உங்கள் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. வேலியோரமாகக் காரை நிறுத்தி நீண்ட லென்ஸ் பொருத்திய கேமராவைத் தூக்கிப் பிடிக்காதீர்கள். துப்பாக்கி ஏந்திய காவலர் படம் போட்ட சிவப்புப் பலகை சும்மா வைக்கப்பட்டதில்லை. 1959ஆம் ஆண்டின் தடை செய்யப்பட்ட இடங்கள் சட்டம் அங்கே செல்லும்.

உங்கள் கூரைக்கு மேலே பறப்பவற்றின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் அவர்களுடைய ஆர்வம் இன்னும் கூடும். மலேசியா வாங்கிய எட்டு ஹோர்னெட் விமானங்களும் 1997 முதல் பட்டர்வொர்த்தில்தான் இருக்கின்றன. அதற்கு முன்பு, 1988 வரை அந்தத் தளம் ஆஸ்திரேலிய ஆகாயப் படையின் பொறுப்பில் இருந்தது. சேபர், மிராஜ் போன்ற விமானங்களின் சத்தத்தை அந்த வட்டாரத்துப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகள் 1971இல் செய்துகொண்ட பாதுகாப்பு ஏற்பாட்டின்படி, ஒருங்கிணைந்த வட்டாரப் பாதுகாப்புத் தலைமையகம் இன்றும் அங்கேயே இயங்குகிறது. கூட்டுப் பயிற்சி நடக்கும் வாரங்களில் வெளிநாட்டு விமானங்களும் வந்து இறங்கும். வழக்கத்தைவிடச் சத்தம் அதிகமாக இருக்கிறதே என்று நீங்கள் அலுத்துக்கொள்ளும் நாள்கள் பெரும்பாலும் அவையாகத்தான் இருக்கும்.

கேள்வி: விமானம் தலையைக் கடந்து போன பிறகுதான் சத்தம் கேட்கிறது. அப்படியென்றால் அது ஒலியைவிட வேகமாகப் பறக்கிறதா? இறக்கையின் மேல் வெள்ளையாக வருவது புகையா?
— ஜூரு மாணவர்

பதில்: நல்ல கேள்வி, தம்பி. ஒலியைவிட மெதுவாகப் பறந்தாலும் அப்படித்தான் கேட்கும். நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். இரண்டு கிலோமீட்டர் தொலைவில், மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விமானம் வருகிறது என்று வைத்துக்கொள். அதன் ஓசை உன் காதை எட்ட ஆறு விநாடி ஆகும். அதற்குள் விமானம் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நகர்ந்துவிடும். ஆகவே சத்தம் வந்த திசையில் தேடினால் வெறும் வானம்தான் தெரியும். சத்தத்தைக் கேட்டவுடன், அது போகும் திசையில் முன்னால் தள்ளிப் பார், கண்ணில் பட்டுவிடும். மக்கள் கூடியிருக்கும் இடத்துக்கு மேலே ஒலியின் வேகத்தைத் தாண்ட விமானிகளை அனுமதிப்பதில்லை, தாண்டினால் ஏற்படும் அதிர்வில் கண்ணாடிச் சன்னல்கள் உடைந்துபோகும்.

இறக்கைமேல் வருவது புகை இல்லை, மேகம். விமானம் சட்டென்று வளையும்போது இறக்கையின் மேற்புறத்தில் காற்றழுத்தம் குறைகிறது, அழுத்தம் குறைந்தால் காற்று குளிர்கிறது, குளிர்ந்த காற்றிலுள்ள ஈரம் ஒரு நொடியில் துளிகளாகத் திரள்கிறது. லங்காவிக் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் வறண்ட நாடுகளில் பார்ப்பதைவிட அங்கே அது நன்றாகத் தெரியும். சாகசக் குழுக்கள் வானில் கோடு போடுவது மட்டும் உண்மையான புகை. சூடான எஞ்சின் காற்றில் எண்ணெயைத் தெளித்து அதை உண்டாக்குகிறார்கள்.

கேள்வி: எங்கள் பாட்டி தொண்ணூறைக் கடந்தவர். 1941 டிசம்பரில் ஜப்பானியர் ஜார்ஜ்டவுனில் குண்டு போட்டபோது அவர் சிறு பிள்ளை. இன்றும் விமானம் தாழப் பறந்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். கொள்ளுப்பேரப் பிள்ளைகள் போர் விமானத்தை வேடிக்கை பார்க்கக் கிளம்புவது அவர் மனத்தைப் புண்படுத்துமோ என்று யோசிக்கிறோம்.
— ஆயர் ஈத்தாம் வாசகி

பதில்: உங்கள் கடிதத்தைப் பல முறை படித்தேன், சகோதரி. 1941 டிசம்பர் 11ஆம் நாள் ஜார்ஜ்டவுன் மக்கள் வேடிக்கை பார்க்கத்தான் தெருவுக்கு வந்தார்கள். வானில் அணிவகுத்து வந்த விமானங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்ற கூட்டத்தின் மீதே குண்டுகள் விழுந்தன. அவற்றைச் சுட்டு வீழ்த்தத் தீவில் பீரங்கி இல்லை. அதற்கு இரண்டு நாள் முன்பு, டிசம்பர் 9 அன்று, பட்டர்வொர்த்திலிருந்து தாக்குதலுக்குக் கிளம்ப ஆயத்தமாக இருந்த பிரிட்டிஷ் விமானங்கள் தரையிலேயே தாக்கப்பட்டன. முன்னதாக மேலெழுந்துவிட்ட ஆர்தர் ஸ்கார்ஃப் என்ற விமானி மட்டும் தனியாக, ஜப்பானியர் பிடித்திருந்த தாய்லாந்தின் சிங்கோரா (இன்றைய சொங்க்லா) வரை சென்று குண்டு வீசிவிட்டு, படுகாயத்தோடு அலோர் ஸ்டாரில் விமானத்தை இறக்கி, அங்கேயே உயிர் நீத்தார். டிசம்பர் 19இல் ஜப்பானியப் படை தீவுக்குள் நுழைந்துவிட்டது.

ஆகவே பாட்டியின் பயத்தை வயதானவர்களின் வழக்கமான பதற்றம் என்று யாரும் ஒதுக்கக் கூடாது. அவரை லங்காவிக்கு அழைத்துப் போக வேண்டாம், செனாங் கடற்கரைக்கும்கூட வேண்டாம். அந்த வாரத்தில் அங்கே சத்தத்திலிருந்து தப்பவே முடியாது. அவரைக் கடலுக்குக் கூட்டிப்போக விரும்பினால் பத்து ஃபெரிங்கி இருக்கிறது, வேறொரு வாரம் இருக்கிறது. பிள்ளைகளைத் தடுக்கவும் வேண்டாம், பாட்டியிடம் மறைக்கவும் வேண்டாம். அவருக்கு விருப்பம் இருந்தால், பிள்ளைகள் கிளம்பும் முன் ஒரு மாலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நாளைப் பற்றிக் கேட்கட்டும். அவர் பேச விரும்பாவிட்டால் அத்தோடு விட்டுவிடுங்கள். இறக்கைக்குக் கீழே தொங்குபவை எதற்காகத் தொங்குகின்றன என்பது தெரிந்து போகும் பிள்ளைக்கு அந்த விமானத்தின் மீதான வியப்பு குறைந்துவிடாது. அதை விளையாட்டுப் பொருளாக எண்ணுவது மட்டும் குறையும். எனக்கு அது போதுமானதாகத் தோன்றுகிறது.

கேள்வி: லீமாவுக்கு இந்திய விமானங்கள் வருவதுண்டா?
— கிள்ளான் வாசகர்

பதில்: உண்டு. 2019 லீமாவில் இந்தியாவின் தேஜஸ் போர் விமானம் பறந்து காட்டியது. அந்த விமானத்தின் முதல் படையணி, 2018இல் கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் உள்ள சூலூர் தளத்துக்குத்தான் வந்து சேர்ந்தது என்பது நம்மவர்களுக்குக் கூடுதல் மகிழ்ச்சி தரும் செய்தி.

கேள்வி: சாகசப் பறத்தலில் விபத்து நேர்ந்தால் என்ன செய்வது? பாதுகாப்பானதுதானா? கோலாலம்பூரிலேயே பார்க்க வழி இருந்தால் லங்காவி வரை போகாமல் இருக்கலாமே.
— செந்தூல் வாசகர்

பதில்: 2015 லீமாவுக்கு முன் நடந்த பயிற்சியில் இந்தோனேசியாவின் ஜூப்பிட்டர் குழுவைச் சேர்ந்த இரண்டு விமானங்கள் வானில் மோதிக்கொண்டன, நான்கு விமானிகளும் பாராசூட்டில் குதித்து உயிர் தப்பினார்கள். ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பார்வையாளர்களின் தலைக்கு மேலே சாகசம் செய்யாமல், எதிரே ஒரு கோட்டுக்கு அப்பால் மட்டுமே செய்ய வேண்டும் என்ற விதி அதற்காகவே இருக்கிறது. கயிறு கட்டிய இடத்தைத் தாண்டிப் போகாதீர்கள். தலைநகர்ப் பக்கம் இருப்பவர்கள் ஆகஸ்ட் 31 தேசிய தின அணிவகுப்பில் விமானங்களைப் பார்க்கலாம். அதற்கு முந்தைய நாள்களில் நடக்கும் ஒத்திகையைக் கூட்டமில்லாமலே பார்த்துவிடலாம்.

கேள்வி: மே மாதத்தில் லங்காவிக் கடலில் பிள்ளைகளை இறக்கலாமா? ஜெல்லி மீன் பயம் இருக்கிறதே.
— பாயான் லெப்பாஸ் வாசகி

பதில்: காலையில் இறக்கலாம், பிற்பகலில் இடியும் மழையும் வரக்கூடும், விமான நிகழ்ச்சியும் அதனாலேயே தடைபடலாம். செனாங்கில் சிவப்புக் கொடி ஏற்றியிருந்தால் முழங்கால் அளவுத் தண்ணீரில்கூட விடாதீர்கள். ஜெல்லி மீன்களில் பெட்டி வடிவ வகை உயிருக்கே ஆபத்தானது, அது லங்காவியிலும் பினாங்கிலும் இருக்கிறது. கண்ணாடி போல் இருப்பதால் தண்ணீரில் தெரியவே தெரியாது. கையும் காலும் மூடும் நீச்சல் உடை பிள்ளைகளுக்கு நல்ல காப்பு. பையில் ஒரு புட்டி வெள்ளை வினிகர் வைத்திருங்கள். கொட்டிவிட்டால் கரைக்குத் தூக்கி வந்து, அந்த இடத்தில் அரை நிமிடமாவது வினிகரை ஊற்றிக்கொண்டே இருங்கள். மணலால் தேய்ப்பதும் குழாய்த் தண்ணீரில் கழுவுவதும் தோலில் ஒட்டியிருக்கும் நஞ்சுப் பைகளை வெடிக்கச் செய்யும். பிள்ளை மூச்சு வாங்கினாலோ மயங்கினாலோ 999ஐ அழையுங்கள். தீவின் அரசு மருத்துவமனையான சுல்தானா மலிஹா, தீவின் முக்கிய ஊரான குவா பக்கம் இருக்கிறது. செனாங்கிலிருந்து அரை மணி நேரம் ஆகும், கண்காட்சி நாளில் அதைவிடக் கூடுதலாகவே ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.